சொல்லாமல் விடும் படங்கள்: கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளை

புதுக்குடியிருப்பு அதிகம் படமெடுக்கப்பட்ட ஊர். அந்தப் படங்களில் ஊரவர்கள் தங்களுக்காக எடுத்தவை சொற்பம். 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது மீண்டும் மீண்டும் ஷெல் விழுந்தபோது அந்த ஊரின் பெயர் உலகச் செய்திகளில் வந்தது. போர் முடிந்த பிறகு அங்கே வெற்றிச் சின்னம் எழுந்தது. கைப்பற்றிய ஆயுதங்களும் படகுகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் அவற்றின் முன்னால் நின்று படமெடுத்தார்கள். விடுதலைப் புலிகளின் தலைவர் இருந்ததாகக் காட்டப்பட்ட நிலக்கீழ் வீட்டையும் பார்த்துப் படமெடுத்துச் சென்றார்கள். 2013 ஒக்டோபரில் இராணுவம் அதை வெடிவைத்துத் தகர்த்தது. அதன்பின் வீட்டுத்திட்டப் படங்கள் வந்தன. அவற்றில் அத்திவாரத்தின் அருகே ஒருமுறையும் கூரை போட்டபின் ஒருமுறையும் பயனாளி நிற்பார்.

இவை ஒவ்வொன்றும் எதையாவது நிரூபிக்க எடுக்கப்பட்டவை. இது நடந்தது, இதை வென்றோம், இதைக் கட்டிக்கொடுத்தோம் என்று அவை சொல்கின்றன. நடந்ததை நிரூபிக்கும் படங்களின் தேவை இன்றும் தீரவில்லை. ஆனால் நிரூபிக்க ஒன்றுமில்லாத பொருட்களும் ஊரில் இருக்கின்றன. கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைத்த வாளி, தகரப் படலையின் ஓட்டைகளால் முற்றத்தில் விழும் வெயில், கொடியில் காயும் சேலை, குசினிப் புகை படிந்த சுவர் என்று எத்தனையோ. இவற்றை யாரும் படமெடுக்க வருவதில்லை. பெரும்பாலான வீடுகளில் இன்று ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதைக் கொண்டு இந்தப் பொருட்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது எப்படி, அது ஏன் பெறுமதியானது, எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மர்மம் என்ற சொல்

எமது பத்திரிகைகளில் மர்மம் என்ற சொல் பயத்தோடுதான் வரும். மர்ம நபர், மர்ம மரணம் என்று படித்துப் பழகியிருக்கிறோம். 2011 ஓகஸ்டில் 'கிறீஸ் பூதம்' பற்றிய பீதி நாடெங்கும் பரவியபோது 'மர்ம மனிதன்' என்ற சொல்லைக் கேட்டே பிள்ளைகள் படுக்கைக்குப் போனார்கள். ஒளிப்படத்தில் பேசப்படும் மர்மம் இதுவல்ல. பூடகம் என்ற பழைய சொல் அதற்குக் கூடுதலாகப் பொருந்தும். எல்லாவற்றையும் சொல்லிவிடாமல் கொஞ்சத்தை உள்ளே வைத்திருப்பதுதான் அது.

ஒரு மூக்குப்பேணி இருட்டில் இருக்கிறது. அதன் மூக்கில் மட்டும் வெளிச்சம் விழுகிறது. அது மூக்குப்பேணி என்று பார்ப்பவருக்குத் தெரியும். தெரிந்தும் கண் அதை விட்டு நகர மறுக்கிறது. யார் குடித்து வைத்தது, எப்போது வைத்தது என்று மனம் கேட்கத் தொடங்குகிறது. பழகிய பொருள் ஒரு கணம் பழகாததாகத் தோன்றுவதே இந்தக் கலையின் அடிப்படை.

போரைக் கடந்து வந்தவர்களுக்கு இதில் இன்னொரு கருத்தும் இருக்கிறது. காணாமலாக்கப்பட்டோர் பற்றி விசாரிக்க 2013இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு முதல் கிராம அலுவலர், தொண்டு நிறுவனங்கள், செய்தியாளர்கள் வரை எல்லோருக்கும் எமது சனம் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. திகதி என்ன, இடம் எது, கடைசியாகக் கண்டவர் யார் என்ற கேள்விகளுக்கு ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும். சொன்னதை மாற்றாமல் திரும்பவும் சொல்ல வேண்டும். இவ்வளவும் சொல்லிக் களைத்த ஒருவருக்கு, விளக்கம் கேட்காத ஒரு படம் சிறிய ஆறுதல். அதை எடுக்கும் நேரம் அவருடையது. அதில் எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்ற முடிவும் அவருடையது.

நிறம் போகும்போது நடப்பது

கைத்தொலைபேசிக் கமராவின் உணரி தன்னளவில் நிறம் அறியாதது. ஒளி கூடவா குறையவா என்று மட்டுமே அதற்குத் தெரியும். அதன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தில் மிகச் சிறிய வடிகட்டி இருக்கிறது. நான்கு புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிறைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற இந்த ஒழுங்கே இன்றைய பெரும்பாலான கமராக்களில் பயன்படுகிறது. 2016இல் வந்த ஹுவாவி பி9 போல, கறுப்பு வெள்ளைக்கென்றே தனி உணரி கொண்ட போன்கள் மிகச் சில. மற்றவற்றில் முதலில் நிறப்படம் உருவாகிறது. பிறகு மென்பொருள் அதைச் சாம்பல் நிறங்களாக மாற்றுகிறது.

அந்த மாற்றத்தில் மூன்று நிறங்களுக்கும் சம மதிப்பு இல்லை. மனிதக் கண் பச்சையைத்தான் மிகப் பிரகாசமாக உணரும். அதனால் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஒரு கணக்கு பச்சைக்கு ஏறத்தாழ 59 வீதமும் சிவப்புக்கு 30 வீதமும் நீலத்துக்கு 11 வீதமும் கொடுக்கிறது. குங்குமச் சிவப்புச் சேலை நேரில் கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளையில் அது இருண்டு, பக்கத்தில் நிற்கும் வாழையிலையின் சாம்பல் நிறத்தோடு கலந்துவிடவும் கூடும். நிறத்தால் முன்னுக்கு வந்த பொருட்கள் பின்னால் போகின்றன. நிறத்தால் மறைந்திருந்த வடிவம், நிழல், தோலின் சுருக்கம், தகரத்தின் துரு, சுவரின் சொரசொரப்பு ஆகியவை முன்னுக்கு வருகின்றன. பூடகம் பிறக்கும் இடம் இதுதான்.

இந்தக் கலவையை எடுப்பவரே மாற்றவும் முடியும். இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்சீட் செயலியின் கறுப்பு வெள்ளைப் பகுதியில் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என்று வடிகட்டிகள் உண்டு. சிவப்பைத் தெரிந்தால் செம்மண் வெளிறும், நீல வானம் கறுக்கும், முகில்கள் எழுந்து நிற்கும். நீலத்தைத் தெரிந்தால் மண் இருளும், வானம் வெளிறும். சிவப்பு வடிகட்டி மாநிறத் தோலையும் வெளிற வைக்கும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கறுத்த ஒரு கடற்றொழிலாளியின் கையைச் 'சிவலையாக' மாற்றினால் அது அவருடைய கையாக இருக்காது.

ஒரு கையால் எடுத்த யன்னல்

அன்றாடப் பொருளில் பூடகத்தைக் கண்டவர்களில் எமது வாசகர்கள் முதலில் அறிய வேண்டியவர் செக் நாட்டின் யோசப் சூடெக். 1896இல் பிறந்த அவர் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். முதலாம் உலகப் போரில் ஒஸ்திரிய-ஹங்கேரிய இராணுவத்தில் இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே வலது கையில் காயம் பட்டது. கையை அகற்ற வேண்டியதாயிற்று. புத்தகம் கட்டும் தொழில் அதோடு முடிந்தது. பிறகு ஒளிப்படக் கலையைக் கற்றார். அவருடைய முதல் முக்கியப் படங்கள் 1920களில் பிராக் நகரில் போரில் காயப்பட்டவர்களுக்கான இல்லத்தில் எடுக்கப்பட்டவை. அங்கே இருந்தவர்கள் அவரைப் போலவே அவயவம் இழந்தவர்கள். யன்னலால் விழும் வெயிலில் அவர்கள் உட்கார்ந்திருப்பதை அவர் படமாக்கினார்.

1939இல் ஜேர்மனியப் படைகள் பிராக்கைப் பிடித்தன. வெளியே கமராவோடு திரிவது கடினமாயிற்று. சூடெக் தன் சிறிய மரக் கலைக்கூடத்துக்குள் இருந்தபடி அதன் யன்னலை எடுக்கத் தொடங்கினார். 1940 முதல் 1954 வரை அதே யன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் ஈரம் படிந்த நாள், உறைபனி பூத்த நாள், வெளியே நின்ற கோணல் மரம் மங்கலாகத் தெரிந்த நாள். யன்னல் விளிம்பில் ஒரு குவளைத் தண்ணீர், ஒரு முட்டை, ஒரு துண்டு பாண். அவற்றில் முதல் ஆண்டுகளில் நகரம் ஆக்கிரமிப்பில் இருந்தது. அந்தப் படங்களில் ஒரு சிப்பாய்கூட இல்லை. ஆனாலும் அவற்றைப் பார்ப்பவருக்கு, வெளியே போக முடியாத ஒருவர் உள்ளே நிற்பது தெரிகிறது. பாரமான பெரிய கமராவை ஒற்றைக் கையாலும் பல்லாலும் கையாண்ட அவர் 1976இல் காலமானார்.

போரில் அவயவம் இழந்தவர்கள் வாழும் வன்னியில் இந்த வரலாற்றுக்கு நேரடிப் பயன் உண்டு. கைத்தொலைபேசியை ஒரு கையால் பிடித்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானாலேயே படமெடுக்கலாம். நேரங்குறித்து எடுக்கும் வசதி எல்லாப் போன்களிலும் இருக்கிறது. போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தால் பிடிக்கும் கையும் வேண்டியதில்லை. தூரம் நடக்க முடியாதவருக்கு ஒரு யன்னல் போதும் என்பதைச் சூடெக் பதினான்கு ஆண்டுகள் செய்து காட்டினார்.

இலங்கையில், இந்தியாவில்

இலங்கையில் கறுப்பு வெள்ளையைக் கலையாக வளர்த்தவர்களில் லயனல் வென்ட் முதன்மையானவர். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அவர் பியானோ கலைஞர், சட்டம் படித்தவர். கொழும்பில் அவர் பெயரில் உள்ள அரங்கு பலருக்குத் தெரியும். '43 குழு' என்ற ஓவியர் அமைப்பு உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இருட்டறையில் படத்தைக் கழுவும்போது நடுவே ஒளிபட விட்டு, நிழலும் வெளிச்சமும் இடம் மாறும் உத்தியை அவர் நிறையப் பயன்படுத்தினார். அதனால் பழகிய உருவங்களைச் சுற்றி வெள்ளிக்கோடு போல ஒரு விளிம்பு தோன்றியது. அதே நேரம் அவருடைய படங்களில் வரும் கிராமத்து மனிதர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள், கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கண்ணால் பார்க்கப்பட்டவர்கள். ஊரவரே கமராவைப் பிடிக்கும்போது மாறுவது இந்த இடம்தான்.

இந்தியாவின் தயனிதா சிங் 2013இல் வெளியிட்ட 'பைல் ரூம்' என்ற நூல் எமக்கு இன்னும் கிட்டியது. அரச அலுவலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் குவிந்திருக்கும் கோப்புகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் அதில் உள்ளன. துணியில் முடிந்த கட்டுகள், கூரையைத் தொடும் இறாக்கைகள், மடிப்பில் நைந்த தாள்கள். எந்தக் கோப்பிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படம் காட்டாது. காணி உறுதிக்காகவும் இறப்புச் சான்றிதழுக்காகவும் கச்சேரிக்கு அலைந்த ஒருவருக்கு அந்தக் கட்டுகள் வெறும் தாளாகத் தெரியமாட்டா. உள்ளே யாரோ ஒருவரின் வாழ்க்கை முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது என்று அவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

ஊரில் எதை எடுப்பது

வெளிச்சத்தை அறிந்தால் பொருள் தானாகக் கிடைக்கும். புதுக்குடியிருப்பில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறு மணியை ஒட்டியே எழும். முதல் ஒரு மணித்தியாலத்தில் வெயில் தாழ்வாக வந்து சிறிய பொருளுக்கும் நீண்ட நிழல் கொடுக்கும். மாலையின் கடைசி மணித்தியாலமும் அப்படியே. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அந்நேரம் வெளியில் எடுப்பதைவிடக் குசினிக்குள் போவது நல்லது. கூரையின் ஒரு சிறு ஓட்டையால் இறங்கும் ஒளிக்கற்றை அப்போதுதான் செங்குத்தாக இருக்கும். அடுப்புப் புகை அதைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும். சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி வெளிச்சத்தைப் பரப்பும். மாரியில் முகில் மூடிய வானம் நிழலை அழித்து எல்லாவற்றையும் மென்மையாக்கும். ஈரச் சுவரும் தேங்கிய நீரும் அந்தக் காலத்துக்குரியவை.

கடகம், சுளகு, சிரட்டை அகப்பை, கயிறு தேய்த்த தடம் பதிந்த கிணற்றுக்கட்டு, சைக்கிள் கரியரில் கட்டிய பழைய ரியூப், கரையில் குவித்த வலை, பாடசாலைச் சப்பாத்துச் சோடி. இவை நல்ல தொடக்கம். தறப்பாள் துண்டு ஒன்று இன்றைக்குக் கோழிக்கூட்டை மூடிக் கிடக்கலாம். அதன் வரலாறு எடுப்பவருக்குத் தெரியும். படத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தலையிழந்த பனைமரங்களை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். அவற்றின் அடியில் முளைத்து நிற்கும் வடலியின் ஓலை மடிப்பில் வெளிச்சம் ஏறும் விதத்தை எடுத்தவர்கள் குறைவு.

கையில் உள்ள போனால் செய்வது

விலை கூடிய போன் தேவையில்லை. பின்வரும் பழக்கங்கள் போதும்.

முதலில் கண்ணாடி வில்லையை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். கடற்காற்றின் உப்பும் கை எண்ணெயும் படிந்த வில்லை எல்லாப் படத்தையும் வெளிறச் செய்யும்.

பிளாஷை நிறுத்த வேண்டும். நிழலைத் தானாக வெளிச்சமாக்கும் இரவு முறை, எச்.டி.ஆர். போன்றவற்றையும் முடிந்தால் நிறுத்தலாம். நாம் தேடுவது அந்த நிழலைத்தான்.

கமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருண்ட குசினியை அது பகலாக்கிவிடும். ஆகவே திரையில் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, அருகே தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து இருளைக் கூட்ட வேண்டும். இந்த ஒரு பழக்கமே பாதி வேலையைச் செய்துவிடும்.

விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் படம் உடையும். நடந்து கிட்டப் போவதே மேல். கிட்டப் போகும்போது பின்னணியில் உள்ள தேவையற்ற பொருட்களும் வெளியே போய்விடும்.

ஒரு பொருளை ஒரு தடவை எடுத்துவிட்டுப் போகாமல் முன்னாலிருந்தும் மேலிருந்தும் நிழலை மட்டும் வைத்தும் எடுத்துப் பார்க்கலாம். அதே வாளியை ஒரு கிழமை, தினமும் ஒரே நேரத்தில் எடுத்தால் வாளி மாறாது. பார்ப்பவர் மாறுவார்.

நிறத்தில் எடுத்து, பிரதி ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது பாதுகாப்பானது. சில அன்ரொய்ட் போன்களில் கறுப்பு வெள்ளை முறையில் எடுத்தால் நிறம் திரும்பக் கிடைக்காது. மாற்றிய பின் கறுப்பையும் வெள்ளையையும் மிகக் கூர்மையாக்கும் ஆசை வரும். நடுவில் உள்ள சாம்பல் நிறங்கள் அழிந்தால் படம் கூச்சலிடும், பூடகம் போய்விடும்.

சாட்சிப் படம் வேறு

கறுப்பு வெள்ளைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அது இடிந்த சுவரையும் அழகாக்கிவிடும். காயத்தின் நிறத்தை எடுத்துவிட்டால் பார்ப்பவருக்கு வலி குறையும். பழைய காலத்துப் படம் போலத் தோன்றுவதால், இன்றும் தொடரும் ஒன்று முடிந்துபோனதாக மயக்கம் தரும். முல்லைத்தீவில் 2017 மார்ச் 8 முதல் தொடர் போராட்டத்தில் இறங்கிய உறவுகளின் கையில் இருந்த படங்கள் கலைக்காக எடுக்கப்பட்டவை அல்ல. அடையாள அட்டைக்கும் பாடசாலைக்கும் கலியாண வீட்டிலும் எடுத்தவை. போட்டோப் பிரதியில் திரும்பத் திரும்பப் போட்டதால் பல முகங்கள் கறுப்பு வெள்ளையாகிக் கரைந்திருக்கின்றன. அந்த முகங்களில் நாம் தேடுவது பூடகம் அல்ல, விடை.

ஆகவே சாட்சிக்குரியதைச் சாட்சியாகவே வைத்திருக்க வேண்டும். காணி எல்லை, சேதம், எலும்போ உடையோ வெளிப்பட்ட இடம் போன்றவற்றை நிறத்தில், திகதியோடு, எந்த மாற்றமும் செய்யாமல் சேமிக்க வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த நேரம் இடம் பற்றிய தகவலும் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும். மாறாக, வீட்டுப் படங்களைப் பொதுவில் இடுவதற்கு முன் இருப்பிடத் தகவல் பதிவாவதை நிறுத்துவது நல்லது.

அழகான பொருளைத் தேடிப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடமும், மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அறியாத இரும்பும் தொடக்கூடாதவை, கிட்டப் போகவும் கூடாதவை. முகாம்களும் காவலரண்களும் பின்னணியில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மனிதரை எடுக்கும்போது கேட்டு எடுக்க வேண்டும். முகம் வேண்டாம் என்பவரிடம் கையை, நிழலை, கழற்றி வைத்த செருப்பைக் கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

இல்லாத அல்பத்துக்குப் பதிலாக

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன வழியில் வன்னிக் குடும்பங்கள் பல தங்கள் அல்பங்களை இழந்தன. பங்கருக்குள் புதைத்தவை நனைந்தன. பையில் கொண்டுபோனவை கடைசியில் பையோடு போயின. 2009க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் சிறுவயதுப் படம் இல்லை, பழைய வீட்டின் படமும் இல்லை. அந்த இழப்பைப் புதிய படங்கள் ஈடுசெய்யப் போவதில்லை.

ஆனால் இன்றைய வீட்டின் படம் நாளைக்கு இருக்கலாம். பெரிய நாட்களை மட்டும் எடுத்தால் அல்பத்தில் பிறந்தநாளும் பூப்புனித நீராட்டு விழாவும்தான் மிஞ்சும். அம்மம்மா தேநீர் குடித்த பேணியும், விடிய எழும்பி அவர் திறந்த படலையும் மிஞ்சாது. அவற்றையும் எடுத்து, ஒரு நினைவட்டையில் ஒரு பிரதியும் வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் ஒரு பிரதியுமாக வைத்தால் போனோடு அவை தொலையாது. வருடத்தில் பத்துப் படங்களையாவது ஸ்ரூடியோவில் தாளில் அச்சடித்து வைக்கலாம். பேணியின் படத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளை இது யாருடையது என்று ஒருநாள் கேட்கும். எவ்வளவு சொல்வது என்பதை அன்றைக்கு வீட்டுக்காரரே முடிவு செய்யலாம்.